உள்ளே வரச் சொல்லாத வகுப்பு

"நாப்பத்தொண்ணு."

உள்ளே அந்த எண்ணைக் கூப்பிட்டபோது மதிவதனி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தொன்று அவளுடைய எண். வாய் தானாகத் திறந்தது. அதற்குள் வகுப்பின் நடுவிலிருந்து மூக்கடைத்தது போன்ற ஒரு குரல், "யெஸ் சார்" என்றது. சபாதான். சில எண்கள் தள்ளி அதே சபா தன் சொந்தக் குரலில் இன்னொரு "யெஸ் சார்" சொன்னாள். திருமால் சார் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆக, மதிவதனி வகுப்புக்கு வந்துவிட்டாள். வெளியே தூணை ஒட்டி நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பவள் வேறு யாரோ.

அந்த ஜன்னலிலிருந்து கரும்பலகையின் இடது பாதி மட்டுமே தெரியும். வலது பாதியைத் தூண் மறைத்துவிடும். சமன்பாடு ஒன்று தொடங்குவது தெரியும், என்ன ஆகிறது என்று தெரியாது. தெரிந்தவரை எழுதிக்கொண்டு மீதிக்கு இடம் விடுவாள். கல்லூரியின் பின்சுவருக்கு அப்பால் ஒரு பீங்கான் பட்டறை இருந்தது. சூளையில் விரிசல் விட்ட பீங்கான் ஃபியூஸ் கட்டைகளையும் ஊறுகாய் ஜாடிகளையும் அங்கே கூடை கூடையாகக் கொட்டுவார்கள். அந்தச் சத்தம் எழும்போது சார் என்ன சொல்கிறார் என்பதும் கேட்காது. அவள் பேனாவை வெறுமனே பிடித்துக்கொண்டு நிற்பாள். கால் மாற்றி நிற்பாள். மறுபடி பழைய காலுக்கு வருவாள்.

காரணம் சின்னதுதான். அவள் அம்மா பானுமதி வேப்பூரில், நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல் ஒன்றில் சமையல் வேலை செய்கிறாள். காலை வியாபாரம் ஓய்ந்து, மத்தியான உலை கொதிக்கும் முன் கொஞ்ச நேரம் கிடைக்கும். அப்போது மகளுக்குப் போன் போடுவாள். சாப்பிட்டாயா என்று கேட்பாள், அவ்வளவுதான். கல்லூரி சேர்ந்த இரண்டாம் வாரம் அந்தப் போன் திருமால் சாரின் வகுப்பில் அடித்தது. அணைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் போனே கிடையாது.

"யாருது அது? எழுந்திரு. வெளிய போம்மா."

அவள் வெளியே போனாள்.

வெளியே அனுப்பப்பட்டவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். வேப்பூர்ப் பள்ளியில் அவள்தான் வகுப்பு லீடர். வெளியே அனுப்பினால் கதவோரம் நிற்க வேண்டும். டீச்சர் கோபம் தணிந்து கூப்பிடுவார். கூப்பிடாவிட்டால் லீடர் எழுந்து, "டீச்சர், பாவம் டீச்சர், உள்ள வரட்டுமா" என்று கேட்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் மறுநாள் அம்மாவையோ அப்பாவையோ அழைத்து வர வேண்டும். அம்மா வந்து நாலு வார்த்தை மன்னிப்புக் கேட்டு, டீச்சர் முன்னாலேயே பிள்ளையின் முதுகில் ஒன்று வைப்பாள். டீச்சர், "அடிக்காதீங்கம்மா, நல்லாப் படிக்கிற புள்ளதான்" என்பார். எல்லாம் முடிந்துவிடும். அந்த வழியில் எத்தனையோ பேரை அவள் உள்ளே கொண்டுவந்திருக்கிறாள்.

இங்கே லீடர் இல்லை.

அன்று மணி அடித்ததும் சார் காதில் போனோடு வெளியே வந்தார். "சார்" என்றாள். அவர் பேசிக்கொண்டே படி இறங்கிப் போய்விட்டார். மறுநாள் அவர் வருமுன்பே கதவோரம் போய் நின்றாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். பள்ளிக்கூடத்தில் அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான். இன்னும் கோபம் தீரவில்லை, நில். அவள் நின்றாள்.

மற்ற ஆசிரியர்களின் வகுப்பில் உள்ளே உட்கார்ந்தாள். திருமால் சாரின் ஹவர் வந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவாள். முதலில் பையன்கள் சிரித்தார்கள். ஒருவன், "ஏம்மா, டிக்கெட் கெடைக்கலியா?" என்று கேட்டான். இன்னொருவன் "வாட்ச்மேன் மேடம்" என்று பெயர் வைத்தான். பிறகு அவர்களும் மறந்துபோனார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சிரித்தவரைக்கும், தான் அங்கே நிற்பது ஒரு விஷயமாக இருந்தது.

சபா மங்கலம்பேட்டையிலிருந்து வருபவள். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா ஷார்ஜாவில் ஒரு கடையில் இருக்கிறார். எதற்கும் பயப்படாதவள். மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஆரம்பிப்பாள்.

"இன்னிக்கும் ஒனக்கு நான்தான் யெஸ் சார் சொன்னேன். எனக்கு மூக்கே வலிக்குது."

"நீ ஏன் சொல்ற? நான் உள்ள இல்லியே."

"அடி லூசு. ஆப்சென்ட் போட்டா பரிட்ச எழுத வுட மாட்டாங்க. நாளைக்கு என்கூட உள்ள வந்து ஒக்காரு. அவரு பாக்கக்கூட மாட்டாரு."

"அவரு வரச் சொல்லலியே."

"அவரு அன்னிக்கே மறந்துட்டாருடி. வெளிய போன்னா அந்த ஒரு ஹவருக்குத்தான். எல்லாரும் கேன்டீனுக்குப் போயி டீ குடிச்சிட்டு அடுத்த ஹவர் வந்துடுவாங்க. நீதான் செல கணக்கா நிக்கிற."

"மறந்திருக்க மாட்டாரு. தெனமும் என்னப் பாக்குறாரு."

சபா தன் டப்பாவிலிருந்து வறுத்த கறித்துண்டை எடுத்து மதிவதனியின் சோற்றில் வைத்தாள். "தின்னு. தின்னுட்டு நல்லா நில்லு."

தினமும் பார்க்கிறார் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பார்வையில் என்ன இருக்கிறது என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அவள் யோசித்தாள். சில நாள் அது கோபமாகத் தெரிந்தது. சில நாள் காத்திருப்பதுபோல் இருந்தது. ஒருநாள் அது தூணைப் பார்க்கிற பார்வையாக இருந்தது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

பள்ளியில் அவளுக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமிருந்ததில்லை. விளையாட்டுப் பீரியடைக் கணக்கு டீச்சர் பிடுங்கிக்கொள்வார். தலைவலி என்று மேஜையில் சாய்ந்தால் மூன்று பேர் என்ன என்று கேட்பார்கள். ஒருநாள் வராவிட்டால் சாயங்காலத்துக்குள் அம்மாவின் போனுக்கு அழைப்பு வந்துவிடும். அதையெல்லாம் தொல்லை என்று நினைத்திருக்கிறாள். இங்கே ஒரு ஆசிரியர் வராத ஹவருக்கு வேறு ஆசிரியர் வருவதில்லை. அந்த நேரம் அப்படியே கிடக்கும். மற்றவர்கள் அதை எளிதாக எடுத்துச் செலவு செய்தார்கள். கடைத்தெருவுக்குப் போனார்கள், ரயில்வே ஜங்ஷன் வரை நடந்துவிட்டு வந்தார்கள். அவளுக்கு அந்த நேரத்தில் கைகால்களை எங்கே வைப்பதென்றே புரியவில்லை. காலி வகுப்பில் தன் இடத்தில் உட்கார்ந்திருப்பாள். மணி அடித்தால் நிம்மதியாக இருக்கும்.

யாராவது திட்டினால் தேவலை என்று சில சமயம் தோன்றும்.

இன்டர்னல் தேர்வுக்கு நாள் குறித்து, துறை வாசலில் ஒட்டினார்கள். திருமால் சாரின் தாளும் அதில் இருந்தது. உள்ளேயே விடாதவர் தேர்வு எழுத விடுவாரா? எழுதாவிட்டால் அந்தத் தாள் போய்விடும். மறுபடி பணம் கட்டி, மறுபடி எழுத வேண்டும். அம்மாவிடம் சொல்லாமல் முடியாது. எப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடலாம். அம்மா வந்து மன்னிப்புக் கேட்டால் இது முடிந்துவிடும். அப்படித்தான் எப்போதும் முடிந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் ஓட்டலின் பின்கட்டில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மதிவதனியும் எதிரில் உட்கார்ந்து ஒன்றை எடுத்து உரித்தாள்.

"அம்மா, நீ ஒருநாளு காலேஜுக்கு வரணும்."

அம்மாவின் கத்தி நின்றது. "ஏன்?"

"சாரப் பாக்கணும்."

"என்னடி பண்ண?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாமயா கூப்புடுறாங்க? எவன்டி?"

"எவனும் இல்லம்மா. கிளாஸ்ல போன் அடிச்சிடுச்சி. வெளிய போகச் சொல்லிட்டாரு. இன்னும் உள்ள வுடல."

அம்மா வெங்காயக் கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். பொய் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை என்று தெரிந்ததும் மூச்சு விட்டாள்.

"யாரு போன்?"

"நீதான்."

அம்மா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். எழுந்து முன்பக்கம் போய் முதலாளி தனக்கோடியிடம் பேசினாள். அவர் குரல் மட்டும் கேட்டது. "காலேஜுக்கெல்லாமா பெத்தவங்கள வரச் சொல்லுவான்? என்னா காலேஜுமா அது? சரி, போ போ. மத்தியானத்துக்குள்ள வந்துடு."

அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தாள். "நல்ல காலேஜாத்தான் இருக்குது" என்றாள். "வுட்டுப்புடல. கேக்குறாங்க." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் தெரிந்த திருப்தியை மதிவதனியால் பார்க்க முடியவில்லை. அப்பா வடநாட்டு லாரியில் போனால் திரும்பி வர மாதங்கள் ஆகும். இந்தச் சாலையோரத்தில் மகளை வளர்ப்பதில் அம்மாவுக்கு ஒரே ஒரு தைரியம்தான். பள்ளிக்கூடத்தில் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். கல்லூரியிலும் அப்படித்தான் என்று பள்ளி டீச்சர் சொன்ன பிறகுதான் சேர்க்கச் சம்மதித்தாள்.

மறுநாள் அம்மா கல்யாணங்களுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் மன்னிப்பை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள் போலும், உதடு அவ்வப்போது அசைந்தது.

துறை அறையில் திருமால் சார் காலை இடைவேளையிலேயே தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரும் நிரந்தர வேலையில் இல்லை. மத்தியானம் வேறொரு கல்லூரிக்கு ஓட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். வாசலில் இருவரையும் பார்த்ததும் கையில் சோற்றோடு, "சொல்லுங்கம்மா" என்றார்.

"கும்புடுறேங்க சார். எம் பொண்ணு தெரியாம பண்ணிடுச்சிங்க. நான்தாங்க நேரங்கெட்ட நேரத்துல போன் பண்ணேன். இனிமே பண்ண மாட்டேன். நல்லாப் படிக்கிற புள்ளைங்க. மன்னிச்சி உள்ள சேத்துக்குங்க."

சார் மதிவதனியைப் பார்த்தார். அதே பார்வை. இப்போது பக்கத்தில் நின்று பார்க்கும்போது அது என்னவென்று தெரிந்துவிட்டது.

"எந்த இயர்மா நீ?"

"ஃபர்ஸ்ட் இயர் சார்."

"நம்பர்?"

"நாப்பத்தொண்ணு."

அவர் இடது கையால் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். "நாப்பத்தொண்ணு ரெகுலராத்தானே வருது? என்ன பிரச்சன?"

சபாவின் மூக்கடைத்த குரல் நினைவுக்கு வந்தது. சொன்னால் அவள் மாட்டிக்கொள்வாள். மதிவதனி, "போன் அடிச்சதுக்கு வெளிய போகச் சொன்னீங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

"எப்போ?"

"ரெண்டாவது வாரத்துல."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். நினைத்துப் பார்க்க உண்மையாகவே முயன்றார். கிடைக்கவில்லை. "அது அன்னிக்கோட முடிஞ்சிதேம்மா. இதுக்கா அம்மாவ வேலையக் கெடுத்து அழைச்சிட்டு வந்த? இங்கல்லாம் யாரும் யாரையும் கூட்டிட்டு வரத் தேவல." பிறகு பானுமதியிடம் மெல்லிய குரலில், "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்கு நாலு கிளாஸ், ஒவ்வொண்ணுலயும் எம்பது பேரு. முகம் மனசுல நிக்க மாட்டேங்குது. நீங்க கவலப்படாம போங்க" என்றார்.

அம்மா கூப்பிய கையைப் பிரிக்காமலே வெளியே வந்தாள். வராந்தாவின் கோடிவரை நடந்த பிறகுதான் கை இறங்கியது.

"உம் பேரே தெரியலடி அவருக்கு."

"எம்பது பேரும்மா."

"லாரிக்குத்தான் நம்பரு. புள்ளைங்களுக்குமா நம்பரு?" அம்மா துறை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இத்தினி நாளா உன்ன யாரும் நிக்கச் சொல்லலியா?"

"சொல்லல."

"நீயா நின்ன."

"ம்."

"நீ நின்னதும் யாருக்கும் தெரியாது."

சுவருக்கு அப்பால் ஒரு கூடைப் பீங்கான் கொட்டப்பட்டது. அம்மா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பையன்கள் கூட்டமாகப் படியேறி அவர்களைத் தாண்டிப் போனார்கள். ஒருவர்கூட அவர்களைப் பார்த்து ஒதுங்கவில்லை, யார் என்று கேட்கவில்லை.

"ஒருநாளு நீ வரலன்னா எனக்கு யாரு போன் பண்ணுவா?"

"யாரும் பண்ண மாட்டாங்க."

"எங்கியாவது மயங்கி வுழுந்து கெடந்தா?"

"சபா இருக்கா."

"அவளும் உன்னாட்டம் புள்ளதானடி." அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அப்படித்தான் செய்வாள். "வேணாம். பையை எடுத்துக்க, போலாம். திருப்பூர்ல ஒன் சித்தி வேல பாக்குற பனியன் கம்பெனியில கேக்குறேன். அங்க ஆஸ்டல் இருக்குது. வார்டன் கேட்டப் பூட்டி சாவிய கையில வெச்சிருப்பாங்களாம். தெனம் ராவுல பேரு சொல்லிக் கூப்புட்டுப் பாப்பாங்களாம். யாரும் கேக்காத எடத்துல உன்ன வுட்டுட்டு நான் அங்க உலை வெக்க முடியாது."

மணி அடித்தது. அடுத்த ஹவர் திருமால் சாருடையது. அவர் கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி அவர்களைக் கடந்து வகுப்புக்குள் போனார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வார்டன் என்ற நினைப்பு மதிவதனிக்கு ஒரு கணம் சுகமாகவே இருந்தது. போய் நின்றால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எத்தனை வருஷமானாலும் யாராவது சொல்லும்வரை நிற்கலாம்.

"கிளாஸ் ஆரம்பிச்சிடுச்சி" என்றாள்.

"அதான் வேணாங்கறேனே."

"போயிட்டு வரேம்மா."

அவள் நடந்தாள். பின்னால் அம்மா "ஏ புள்ள" என்றது கேட்டது. வகுப்பு வாசலில் கால் தானாக நின்றது. உள்ளே வரலாமா என்று கேட்க வாயெடுத்தாள். சார் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார், முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகிடம் என்ன கேட்பது? உள்ளே போனாள். சபா கண்களை விரித்து, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"என்னடி, அம்மா வந்தாங்களா? அடிச்சாங்களா?"

"இல்ல."

"பின்ன எப்படி உள்ள வந்த?"

"நடந்துதான்."

சபா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மதிவதனிக்குச் சிரிப்பு வரவில்லை. பலகை முழுதாகத் தெரிந்தது. வலது பாதியும் இடது பாதியைப் போலவே சாதாரணமாக இருந்தது. இவ்வளவுக்கா என்று தோன்றியது. நின்ற நாட்களை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அவை எங்கும் சேராமல் அப்படியே கிடக்கும்.

ஜன்னல் பக்கம் திரும்பினாள். தூணை ஒட்டி அம்மா நின்றுகொண்டிருந்தாள். பட்டுக்கரைப் புடவையோடு, கைகளைக் கட்டிக்கொண்டு, உள்ளேயே பார்த்தபடி நின்றாள். போகவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. யாராவது வந்து ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்து நிற்கிறாள் என்பது மதிவதனிக்குப் பார்த்ததுமே புரிந்தது. யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். சாயங்காலம் கதவைப் பூட்டும்வரை அம்மா நின்றாலும் சொல்ல மாட்டார்கள்.

எழுந்தாள். "எங்கடி?" என்று சபா துப்பட்டா நுனியைப் பிடித்தாள். விடுவித்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து வெளியே வந்தாள். சார் பேச்சை நிறுத்தவில்லை.

அம்மா பதறினாள். "என்னடி, தொரத்திட்டாரா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன்."

"கேட்டுட்டு வந்தியா?"

"கேக்கல."

"திரும்பி உள்ள வுடுவாரா?"

"போய்ப் பாத்தாத்தான் தெரியும்." அவள் அம்மாவின் தோளிலிருந்து நழுவியிருந்த முந்தானையைச் சரி செய்தாள். "நீ கெளம்பும்மா. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆளு வந்துடும். நான் திருப்பூருக்குப் போகல."

அம்மா அவளைப் பார்த்தாள். கோபமா பயமா என்று பிரிக்க முடியாத முகம். இருவருக்கும் நடுவில் உள்ளேயிருந்து சாரின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு அதில் ஒரு வார்த்தைகூட விளங்கியிருக்காது. ஆனாலும் கவனமாகக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்து நின்றாள்.

"இதெல்லாம் உனக்குப் புரியுதா?" என்று கேட்டாள்.

"பாதி புரியுது."

"சரி, போ." அம்மா கண்ணால் வகுப்பைக் காட்டினாள். "நீ ஒக்கார்றதப் பாத்துட்டுப் போறேன்."

இந்த முறை வாசலில் அவள் நிற்கவில்லை. முதுகில் அம்மாவின் கண்கள் இருப்பது பெஞ்சில் உட்காரும்வரை தெரிந்தது. உட்கார்ந்த பிறகு தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் போய்விட்டாளா, நிற்கிறாளா என்று தெரிந்துவிடும். சார் துடைப்பானைக் கையில் எடுத்திருந்தார். அவர் அழிக்கத் தொடங்குமுன் எழுதிக்கொள்ள வேண்டியது பலகை நிறைய இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக எழுதினாள்.